லால்பாக் மலர்க் கண்காட்சி: பழி கூட்டத்தின் மேல்

குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை பெங்களூர் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அது முடிந்த மறுநாளே படித்த வட்டாரங்களில் வழக்கமான புலம்பல் தொடங்கிவிடும். கூட்டம் தாங்கவில்லை, புல்வெளி மிதிபட்டது, பூங்காவின் அமைதி குலைந்தது, இவர்களுக்குப் பூவின் அருமை என்ன தெரியும். இதைச் சூழலியல் அக்கறை என்று ஏற்றுக்கொள்வதற்கில்லை. பெரும்பகுதி வர்க்க எரிச்சல்; சூழலியல் அதற்குப் போர்த்திய சால்வை.

யார் இந்த ‘இவர்கள்’? லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். நகரின் வடகிழக்கில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே சந்தில் புழங்கும் பகுதி. அங்கிருந்து தென்பெங்களூரிலுள்ள லால்பாக்கிற்கு வரும் குடும்பம் நகரைக் குறுக்காகக் கடக்க வேண்டும்: மெஜஸ்டிக் வரை பேருந்து, பிறகு மெட்ரோ. வாயிலில் நுழைவுச்சீட்டு வரிசை, உள்ளே கண்ணாடி மாளிகைக்கு மற்றொரு வரிசை. மாளிகைக்குள் கால் வைத்ததும் ‘நிற்காதீர், நகருங்கள்’ என்னும் குரல். தோளில் அமர்ந்த குழந்தைக்குப் பூச்சிற்பம் தெரிகிறது. தாங்கிநிற்கும் தந்தைக்கு முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரிகிறது. விடுமுறையன்றி அவர்களால் வர இயலாது. அண்மை ஆண்டுகளில் அந்த விடுமுறை நாள்களுக்கே கட்டணம் கூடுதல். ஓய்வுள்ளவர் குறைந்த விலைக்கு நிதானமாகப் பார்க்கிறார். ஓய்வில்லாதவர் கூடுதல் விலை கொடுத்து நெரிசலை வாங்குகிறார். பிறகு நெரிசலுக்கும் அவரே பொறுப்பாகிறார்.

லால்பாக்கின் பரப்பு ஏறத்தாழ 240 ஏக்கர். அத்தனை நிலமிருந்தும் விழாவின் இதயம் ஒரே கூரைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் கூரை 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை. லண்டன் படிகமாளிகையின் சாயலில் எழுந்தது. பேரரசு தன் உடைமைகளை ஓரிடத்தில் குவித்துக் காட்டிப் பெருமிதம் கொண்ட காலத்தின் கட்டடம். மன்னர் போய்க் குடியரசு வந்தது. ஒரு மையம், அதை நோக்கி நகரும் திரள் என்னும் அமைப்பு மட்டும் மாறவில்லை. புல்வெளி மிதிபடுவது உண்மையே. ஒரே புனல்வாய் வழியாக ஊரையே ஊற்றினால் வேறென்ன நடக்கும்?

இனி, கூட்டத்தைப் பழிப்போர் ஒருபோதும் எழுப்பாத கேள்வி: இந்தப் பூக்களை வளர்த்தவர் யார்? ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் என்பதைப் பாடநூல்கள் ஒப்பிக்கின்றன. மண்ணைக் கொத்திய திகளர்களைப் பற்றி அடிக்குறிப்பிலேனும் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்த் தொடர்புடைய இத்தோட்டக்காரச் சமூகம் நகரின் ஏரிகளை நம்பிப் பூவும் காய்கறியும் விளைவித்தது. ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ் 2001இல் வெளியிட்ட நூலில் அந்த ஏரிகளும் தோட்டங்களும் நகர நினைவிலிருந்து எவ்வாறு அகன்றன என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. லிங்கராஜபுரத்துக் குடும்பம் பூப்பார்க்க வண்டி மாறும் இடம், ஒருகாலத்தில் நீர் நின்ற இடம்.

2024 ஆகஸ்டுக் கண்காட்சியின் கருப்பொருள் அம்பேத்கர். வரவேற்க வேண்டிய தேர்வுதான். ஆனால் உழைப்புக்கும் மதிப்புக்கும் இடையிலான பிளவை வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டவரைப் பூக்களால் சமைத்துவிட்டு, சமைத்த கைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவது என்ன மரியாதை? எத்தனை லட்சம் பூக்கள் என்று செய்தித்தாள்கள் எண்ணிச் சொல்கின்றன. எத்தனை தோட்டத் தொழிலாளர் என்று எண்ணிய செய்தி அரிது.

அதே நகரில் இன்னொரு பூவிழாவும் உண்டு. சித்திரா பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம். மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி வருபவர் திகளர். வழியில் மஸ்தான் சாகிபின் தர்காவுக்கும் செல்கிறார். அங்கும் நெரிசல்தான், தள்ளுமுள்ளுதான். பெண்கள் எந்த அளவுக்கு அச்சமின்றி அதில் நிற்க முடிகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். கரகத்தைப் பொன்னுலகமாக்க அவசியமில்லை. ஆயினும் அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, பூவோடு உறவுள்ள சமூகம் விழாவின் நடுவில் நிற்கிறது. ஆய்வாளர்கள் அதை ‘மரபு’ என்று கருத்தரங்கில் போற்றுகிறார்கள். அதே மக்கள் ஆகஸ்டில் லால்பாக்கிற்கு வந்தால் ‘கூட்டம்’ என்கிறார்கள்.

செய்யக் கூடியவை கடினமானவையல்ல. விடுமுறைக் கட்டண உயர்வை நீக்கலாம். கண்ணாடி மாளிகைக்கு வெளியே, 240 ஏக்கரிலும், பிற வட்டாரங்களின் பூங்காக்களிலும் காட்சிகளைப் பிரித்து வைக்கலாம். லிங்கராஜபுரத்துக்கு அருகிலும் பூ பூக்கட்டுமே. ஒவ்வொரு பூச்சிற்பத்தின் அருகிலும், ஒப்புதலோடு, அதைச் செய்தோரின் பெயரை எழுதிவைக்கலாம். அதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் வண்ணமும் போதும்.