10 தோட்டாவா, 17 தோட்டாவா? அமெரிக்க நீதிமன்றங்களைச் சுற்றவிடும் ஒரு சின்னப் பெட்டி

நீதிபதி ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து, மேஜை மேல் கைத்துப்பாக்கிகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டுகிறார். யூடியூப் சேனல் வீடியோ இல்லை. அமெரிக்காவின் 9ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்போடு சேர்த்து வெளியான வீடியோ. 2025 மார்ச் 20 அன்று இதை வெளியிட்டவர், அந்த வழக்கில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி லாரன்ஸ் வான்டைக்.

வழக்கு எதைப் பற்றி? துப்பாக்கியைப் பற்றிக்கூட இல்லை. அதற்குள் போகிற மேகசினைப் பற்றி.

மேகசின்னா என்ன?

நமக்கு மேகசின் என்றால் வாரப் பத்திரிகைதான் முதலில் ஞாபகம் வரும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அரபியில் கிடங்கைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்தது. செய்திகளைச் சேர்த்து வைத்தால் பத்திரிகை, தோட்டாக்களைச் சேர்த்து வைத்தால் இது.

படத்தில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ துப்பாக்கியின் கைப்பிடிக்குக் கீழே எதையோ 'டக்'கென்று செருகுவார். அதுதான் மேகசின். வெளியே தகரம் அல்லது பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் தலையில் தோட்டாக்களை மேலே தள்ளும் ஒரு சின்னத் தட்டு. மேல் வாயில் உள்பக்கமாக வளைந்த இரண்டு விளிம்புகள், தோட்டா வெளியே தெறிக்காமல் பிடித்துக்கொள்ள. அடியில் ஒரு மூடி. அவ்வளவுதான், மொத்தமே அஞ்சாறு பாகம்.

ஆனால் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் அதிகம் சொதப்புவதும் இதுதான். ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய்த் திரும்ப முன்னால் வரும். அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில் அடுத்த தோட்டா சரியான உயரத்தில், சரியான கோணத்தில் வந்து நிற்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வராது. வாய் விளிம்பு லேசாக வளைந்திருந்தால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு சிக்கும். உள்ளே மண் புகுந்தால் தட்டு பாதியிலேயே நின்றுவிடும்.

ராணுவமே பட்ட பாடு

இது ஏதோ மலிவு மாடல்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1985இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த பெரெட்டா எம்9 பிஸ்டலுக்கே இந்த நிலை வந்தது. ஈராக் போரின்போது, 'சுடச் சுட நின்றுவிடுகிறது' என்று வீரர்கள் புகார் சொன்னார்கள். பழி முதலில் துப்பாக்கி மேல் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் சிக்கல் மேகசினில் இருந்தது. ராணுவம் ஒப்பந்தம் போட்டு வெளியில் செய்து வாங்கிய மேகசின்கள் அவை. துருப்பிடிக்காமல் இருக்க, ராணுவ விதிப்படியே தடிமனான பாஸ்பேட் பூச்சு பூசியிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பில் ஈராக்கின் மாவு போன்ற மணல் ஒட்டிக்கொண்டது; தோட்டா மேலே ஏறவில்லை. பிறகு வழவழப்பான பூச்சு கொண்ட மேகசின்கள் கொடுக்கப்பட்டன.

விதிப்படி செய்த பொருள், ஆனால் விதி எழுதியவர் பாலைவனத்தை யோசிக்கவில்லை!

அதனால்தான் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் மேகசின் வாங்குவதில் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள். துப்பாக்கி செய்த கம்பெனியின் மேகசினையே வாங்குவது பொதுவான பழக்கம். விலை குறைவு என்று பெயர் தெரியாத கம்பெனிப் பொருளை வாங்கினால் அது பயிற்சி மைதானத்துக்கு மட்டும். பலர் ஒவ்வொரு மேகசினிலும் 1, 2, 3 என்று நம்பர் எழுதி வைப்பார்கள். எதற்கு? துப்பாக்கி சிக்கும்போது எந்த நம்பர் உள்ளே இருந்தது என்று குறித்துக்கொள்ளத்தான். ஒவ்வொரு முறையும் 3ஆம் நம்பரில்தான் சிக்குகிறது என்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, 3ஆம் நம்பரில். எல்லா நம்பரிலும் சிக்கினால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் மெக்கானிக் ஒவ்வொரு பிளக்காக மாற்றிப் பார்க்கிற அதே லாஜிக்.

இப்போது கேள்வி. இது இல்லாமல் துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யாது என்றால், இது துப்பாக்கியின் பாகமா? இல்லை, கூடுதலாக மாட்டிக்கொள்ளும் துணைப்பொருளா? இந்தக் கேள்வியில்தான் கலிபோர்னியா வழக்கே நிற்கிறது.

10 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களைப் பொதுமக்களுக்காகப் புதிதாகத் தயாரிக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு மட்டும் போட்ட சட்டம். 2004இல் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. இப்போது நாடு முழுமைக்குமான வரம்பு கிடையாது. ஆனால் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சொந்தமாக வரம்பு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 10. கொலராடோவில் 15. டெலவேரில் 17. அறிவியல் கணக்கு எதுவும் இல்லை, ஒவ்வொரு மாநிலமும் பேரம் பேசி எட்டிய எண்கள் என்றுதான் தோன்றுகிறது.

சந்தையில் நிலைமை வேறு. க்ளாக் 17 பிஸ்டலோடு கம்பெனி கொடுப்பதே 17 தோட்டா மேகசின். க்ளாக் 19க்கு 15. அதனால் கலிபோர்னியாவுக்கு என்று தனியாக 10 தோட்டா மேகசின் தயாரித்து அனுப்புகிறார்கள். 'பெரிய கொள்ளளவு மேகசின்' என்று அரசு சொல்வதை, 'அது சாதாரண மேகசின்தான், நீங்கள்தான் பெரிசு என்று பெயர் வைத்தீர்கள்' என்று எதிர்த்தரப்பு கேட்பது இதனால்தான். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அரசு ஏன் விடாப்பிடியாக நிற்கிறது?

2011 ஜனவரி 8. அரிசோனாவின் டூசான் நகரம், சூப்பர் மார்க்கெட் வாசல். நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஒருவன் க்ளாக் 19இல் 33 தோட்டா பிடிக்கும் நீள மேகசினைப் போட்டுக்கொண்டு வந்து சுட்டான். 6 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு 9 வயது. தலையில் குண்டு பாய்ந்த கிஃபர்ட்ஸ் பிழைத்தார்.

அவன் நின்றது எப்போது? மேகசின் காலியானபோது. அடுத்ததை எடுக்கும்போது அது கை நழுவியது. 61 வயதுப் பெண் ஒருவர் அதைப் பறித்துக்கொண்டார். மற்றவர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். கிஃபர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி 2013இல் செனட் குழு முன் சாட்சி சொன்னபோது, அந்தக் குழந்தையைக் கொன்றது 13ஆவது தோட்டா என்றார். 10 தோட்டா மேகசின் என்றால் அவள் உயிரோடு இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம். கெல்லி இப்போது அரிசோனாவின் செனட்டர்.

மேகசின் மாற்றும் அந்தச் சில நொடிகள்தான் அரசின் மொத்த வாதமும்.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 2012இல் கொலராடோவின் ஆரோரா தியேட்டரில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் ரைபிளில் 100 தோட்டா டிரம் மேகசின் இருந்தது. அது நடுவில் சிக்கிக்கொண்டது. பெரிய மேகசின் என்றால் நீளமான ஸ்பிரிங், அதிக எடை, அதிக உரசல். நம்பகத்தன்மை குறைவது இயல்பு. அந்தக் கோளாறு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எண்ண முடியாது. ஆனால் ஒரு மாநிலத்தின் பாதுகாப்பை ஸ்பிரிங் சிக்குவதை நம்பி விட முடியாதே.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன?

கலிபோர்னியா 2000இல் பெரிய மேகசின் விற்பனையைத் தடை செய்தது. 2016இல் வாக்கெடுப்பு மூலம், வைத்திருப்பதையே தடை செய்தது. அதை எதிர்த்ததுதான் 'டங்கன் எதிர் போன்டா' வழக்கு.

2019 மார்ச் இறுதியில் மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் தடையை ரத்து செய்தார். தன் தீர்ப்பை அவரே நிறுத்திவைப்பதற்குள் ஏறக்குறைய ஒரு வாரம் கடை திறந்தே கிடந்தது. 'சுதந்திர வாரம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மேகசின்கள் மாநிலத்துக்குள் வந்தன என்பது துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் சொல்லும் கணக்கு.

பிறகு 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை ஆதரித்தது. 2022இல் உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டங்களை நாட்டின் வரலாற்று மரபோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கில் சொல்லிவிட்டு, இதைத் திருப்பி அனுப்பியது. 2023இல் பெனிடெஸ் மறுபடியும் ரத்து. 2025 மார்ச்சில் 7க்கு 4 என்ற கணக்கில் மறுபடியும் தடை செல்லும் என்று தீர்ப்பு.

பெரும்பான்மை சொன்னது இது: மேகசின் இல்லாமல் சில துப்பாக்கிகள் சரியாக இயங்காது, உண்மைதான். ஆனால் 10க்கு மேல் பிடிக்கும் மேகசின் இல்லாவிட்டால் எந்தத் துப்பாக்கியும் இயங்காமல் போகாது. எனவே அது ஆயுதம் இல்லை, துணைப்பொருள். அப்படியே ஆயுதம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலத்தில் வெடிமருந்து சேமிப்புக்கு வரம்பு வைத்த சட்டங்கள் இருந்தன, இதுவும் அதே மரபுதான்.

வான்டைக் வீடியோ எடுத்தது இதை மறுக்கத்தான். இந்த லாஜிக்படி போனால் கைப்பிடியும் துணைப்பொருள், குறிபார்க்கும் முனையும் துணைப்பொருள். ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே போகலாமே என்று கழற்றிக் காட்டினார். சக நீதிபதி மார்ஷா பெர்சோன் கடுப்பாகிவிட்டார். நீதிபதி தன்னையே நிபுணர் சாட்சியாக நியமித்துக்கொள்வதா என்று தனியாக எழுதினார். வீடியோவில் விஷயம் இருந்தது என்றாலும், குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி அது என்பதால் பெர்சோன் கேட்டது சரி என்றே படுகிறது.

இந்தியாவில் எப்படி?

இங்கே இந்தக் குழப்பமே எழாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே ஆயுதங்களின் பாகங்களும் சேர்ந்துவிட்டன. அதோடு, துப்பாக்கி இங்கே அரசியல் சாசன உரிமை இல்லை, லைசென்ஸ். அமெரிக்காவில் அது சாசனத்தின் இரண்டாவது திருத்தம் என்பதால்தான் ஒரு பெட்டி எந்தப் பட்டியலில் வரும் என்பதற்கு இவ்வளவு சண்டை.

அடுத்து என்ன?

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் இதே மாதிரி மேகசின் வழக்கை 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமும் தன் மாநிலத் தடை செல்லும் என்றது. கலிபோர்னியா மனுதாரர்கள் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 2019இன் அந்த ஒரு வாரத்தில் வாங்கியவர்கள் வழக்கு நடக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று பெனிடெஸ் அப்போதே உத்தரவு போட்டிருந்தார். தடை உறுதியானால் அவற்றை மாநிலத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும், டீலரிடம் விற்க வேண்டும், அல்லது போலீஸிடம் கொடுத்துவிட வேண்டும்.