அபின் இல்லாத மயக்கமும் கூலி இல்லாத ஓய்வும்

வயிற்றில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் தொழிலாளி கேட்பவை இரண்டு. வலி தாங்குமா? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை தினக்கூலிக்கு மூட்டை சுமப்பவனுக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. அடுப்பு எரிவது அந்தப் பதிலில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு வைத்திய உலகம் இப்போது புதுப் பதில் தேடுகிறது. ஆபரேஷன் மேஜையில் மார்பின், பென்டனில் போன்ற அபின் வகை மருந்துகளைக் கொடுப்பதே வழக்கம். வலியை அடக்குவதில் அவை வல்லவை. ஆனால் குடலையும் தூங்க வைத்துவிடும். வயிறு உப்பும், வாந்தி வரும். தைத்த வயிற்றோடு வாந்தி எடுப்பது எவ்வளவு வேதனை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அளவு மிஞ்சினால் மூச்சும் மந்தமாகும். ஆகவே சில டாக்டர்கள் அபின் வகையையே விலக்கி, லிக்னோகெய்ன், கெட்டமின், மெக்னீஷியம், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும் போடுகிறார்கள்.

இதனால் வாந்தி குறைகிறது. அது நிச்சயமான லாபம். ஆனால் முழுக்க விலக்குவதில் ஆபத்தும் உண்டு. பிரான்சில் இதைச் சோதித்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் பெற்ற சிலருக்கு நாடித்துடிப்பு அபாயகரமாக இறங்கியதால் சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. டென்மார்க்கின் டாக்டர் ஹென்ரிக் கேலட் 1990-களிலேயே காட்டிய வழிதான் நமக்குச் சரியாகப் படுகிறது: அபின் வகையைக் குறை, பல மருந்துகளைச் சேர்த்து வலியை அடக்கு, சீக்கிரம் கஞ்சி கொடு, சீக்கிரம் எழுந்து நடக்க விடு.

அபினின் சரித்திரம் நம் ஊர்ப் பெயரையும் தொடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளிகளைக் குடியேற்றிய பேட்டை இது. அதே கம்பெனி பின்னாளில் வங்காளத்து விவசாயியை அபின் பயிரிட வைத்து, சீன மக்களை அதற்கு அடிமையாக்கிக் கொழுத்தது. நம் காலத்தில் அமெரிக்காவின் பர்டியூ கம்பெனி 1996 முதல் ஆக்ஸிகான்டின் மாத்திரையை விற்றுக் குவித்தது; 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதலாளியின் லாப வேட்டைக்கு வலியும் ஒரு சரக்கு!

நம் நாட்டு நிலைமை நேர் எதிர். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் லைசென்சில் அபின் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருந்தும் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, புற்றுநோயால் துடித்த ஏழைக்குக்கூட மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: அபின் இல்லாத முறை என்ற பெயரில் ஏழையை வலியோடு விட்டுவிடக் கூடாது. வலியிருந்தால் ஆழ மூச்சு விட முடியாது, இரும முடியாது. சளி கட்டி நிமோனியா வரும். அபின் வகையைக் குறைப்பதானால் நரம்பு பார்த்து ஊசி போடும் ஸ்கேன் கருவி வேண்டும், பழகிய மயக்க டாக்டர் வேண்டும், இரவெல்லாம் நாடி பார்க்க நர்ஸ் வேண்டும். இவை பணக்காரர் ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தால் போதாது. ஸ்டான்லி போன்ற பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியோடு நின்றாலும் போதாது. தாலுகா ஆஸ்பத்திரி வரை வர வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறான், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரிய கீறல் போட்ட வயிற்றின் தசை கூடிக்கொள்ள வாரங்கள் ஆகும். ஆறு வாரம் கனம் தூக்காதே என்றுதான் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். பத்தாம் நாள் மூட்டை தூக்கியவனுக்குத் தழும்பு வழியே குடல் பிதுங்கினால் மறுபடி அதே மேஜைதான்.

ஈ.எஸ்.ஐ.யில் சந்தா கட்டிய தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை, 70 சதவிகிதச் சம்பளம் உண்டு. பேரேட்டில் பெயரே ஏறாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு? நாற்று நடும் பெண்ணுக்கு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஏற்பதில்லை. ஆறு வாரக் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து கோர வேண்டும். கான்ட்ராக்டரின் பேரேட்டில் ஒவ்வொரு பெயரும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையை இந்த மாதமே வாயிற்கூட்டங்களில் தொடங்கலாம்.