ஈட்டிக்காரனுக்கு ஒரு பெயர் உண்டு

ஜல்லிக்கட்டைப் பற்றி இங்கே பினாங்கில் பேச்சு வந்தால் அடுத்த நிமிஷமே ஸ்பெயின் வந்துவிடும். "அங்க காளையைக் கொல்றான், நாம தழுவத்தானே செய்றோம்?" லிட்டில் இந்தியா கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பும் சொல்லியாகிவிடும். 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியபோது இதே வாதத்தை வாட்சாப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பியவன்தான் நானும். அதனால் முதல் குட்டு என் தலையிலேயே.

ஸ்பெயினைப் பற்றி நமக்குத் தெரிந்தது சிவப்புத் துணியும் மட்டடோர் என்ற ஒரு சொல்லும்தான். குதிரை மேல் ஈட்டியோடு வருகிறவனை நாம் கவனிப்பதே இல்லை. அவன் பெயர் பிக்கடோர். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது அவனுடையது. காளை குதிரையை முட்ட வரும்போது, அதன் பிடரிக்குப் பின்னால் புடைத்திருக்கும் தசையில் ஈட்டியை இறக்குவான். ரத்தம் போகும், தசை தளரும், தலை தாழும். தலை தாழ்ந்தால்தான் மட்டடோர் கடைசியில் கொம்புகளுக்கு மேலாகச் சாய்ந்து வாளைச் செருக முடியும். ஆக, 'வீரன்' கைக்கு வருவது ஏற்கெனவே பாதி முடிக்கப்பட்ட காளை.

ஒரு காலத்தில் குதிரை மேல் இருந்தவனே நாயகன். 18ஆம் நூற்றாண்டில் தரையில் நின்றவன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். பழைய பெருமையின் மிச்சமாக பிக்கடோர் இன்றும் தங்க இழைச் சட்டை போடுகிறான்; கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிடுகிறது. கண் கட்டப்பட்ட அவன் குதிரைக்கு 1928இல்தான் மெத்தைக் கவசம் கட்டாயமானது. அதற்கு முன் குடல் சரிந்து செத்த குதிரைகள் ஏராளம்.

"பாத்தீங்களா, நம்மகிட்ட ஈட்டியே இல்ல!" என்று குதிக்க வேண்டாம். வித்தியாசம் உண்மைதான். இரண்டையும் 'காளைச் சண்டை' என்று ஒரே பெயரில் எழுதுவது சோம்பேறித்தனம். என் சண்டை வேறு. ஸ்பானியர்கள் காளையைப் பலவீனப்படுத்துகிறவனுக்குப் பெயர், உடை, ஈட்டி முனையின் அளவுக்கு விதி எல்லாம் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பவனுக்கு யாரைச் சுட்டுவது என்று தெரியும். நம்மிடமும் வாடிவாசல், திமில், மாடுபிடி வீரர் என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாடிவாசலுக்குப் பின்னால் நின்று வாலை முறுக்குகிறவனுக்கு என்ன பெயர்? கண்ணில் மிளகாய் தேய்க்கிறவனுக்கு? 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, விலங்கு நல வாரியத்தின் அறிக்கைகளில் அந்தக் கைகள் இருந்தன. 2017 திருத்தச் சட்டத்துக்குப் பின் துன்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று 2023 மே 18 அன்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்லது. குறைந்தது என்றால், முன்பு அதைச் செய்த கை ஒன்று இருந்தது என்றுதானே அர்த்தம்? அந்தக் கையைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை.

'நாம கொல்றதில்ல' என்பவர்கள் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலை இன்னொரு முறை படிக்கலாம். காரிக் காளை அதில் எப்படிச் சாகிறது? பிடித்தவன் கையால் அல்ல. சொந்தக்கார ஜமீன்தார் துப்பாக்கியால் சுடுகிறார். தழுவியவன் மட்டுமே ஆட்டம் இல்லை என்று செல்லப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை ஸ்பெயினை இழுக்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம்ம ஊர் பிக்கடோர் யார்? பதில் வரும்வரை அந்த வாட்சாப் செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதாக இல்லை.