மலை கண்ணெதிரே... மவுன்டைன் பைக்குக்குப் பாதை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி போகும் சாலையில் நாலைந்து கியர் சைக்கிள்கள் வரிசையாகப் போவதை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. சுமார் 25 கிலோமீட்டர் மிதித்தால் அமிர்தி வன உயிரியல் பூங்கா வாசல். அங்கே ஒரு டீ, ஒரு செல்ஃபி, அப்படியே யூ-டர்ன்.

போக வர 50 கிலோமீட்டர். அத்தனையும் தார்ச்சாலை. இரண்டு இன்ச் அகல டயர், முன்பக்கம் சஸ்பென்ஷன் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய மவுன்டைன் பைக், மண்ணையே தொடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எதிரே ஜவ்வாது மலை நிற்கிறது. மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகளும் தெரிகின்றன. 'உள்ளே விட்டால் என்ன?' என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அங்கேதான் நிற்க வேண்டும். அமிர்தியைச் சுற்றியிருப்பது காப்புக்காடு. மவுன்டைன் பைக் ஓட்ட ஏற்ற பாதைகள் அதற்கு வெளியே, வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கின்றன.

பழைய சைக்கிளில் பிறந்த விளையாட்டு

மவுன்டைன் பைக் என்றதும் இமயமலை அளவுக்கு யோசிக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் கவுன்ட்டி என்ற இடத்தில், 1970-களில் சில இளைஞர்கள் தங்கள் ஊர் மலையின் மண் பாதைகளில் பழைய, தடித்த டயர் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்தார்கள். 1976-ல் அவர்கள் ஒரு இறக்கத்தில் பந்தயமே வைத்தார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து, கீழே வருவதற்குள் பின்சக்கரத்து கிரீஸ் முழுக்கச் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் வைத்துப் பூட்ட வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அங்கிருந்து 20 வருடத்தில், 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுன்டைன் பைக் ஒரு போட்டியாகிவிட்டது. இந்த விளையாட்டு தொடங்கியது தனியாகக் கட்டிய டிராக்கில் அல்ல. ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இருந்த பாதையைத் தேடிக் கண்டுபிடித்ததில்தான்.

காட்டுக்குள் ஏன் கூடாது?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது, 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சைக்கிள்தானே, சத்தம்கூட இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது. சத்தம் இல்லாததே ஒரு ஆபத்துதான். ஜவ்வாது மலையில் கரடிகள் உண்டு. வளைவில் திடீரென்று எதிரே வந்து நிற்கும் சைக்கிளைப் பார்த்தால் கரடி மிரளும். மிரண்ட கரடி தாக்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போனால் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானைகளும் வரும்.

தேனி மாவட்டம் குரங்கணியை மறந்துவிட முடியாது. 2018 மார்ச் 11-ல் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்டது. ஆனால், அவை வழிகாட்டியுடன் நடந்து போவதற்கான பாதைகள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப் பாதை எதுவாக இருந்தாலும், முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்பதுதான் சரி.

ஏரிக்கரை, வண்டிப்பாதை, ஊர்ப் பாதை

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஊருக்கு ஒரு ஏரி இருக்கிறது. ஏரி இருந்தால் கரை இருக்கும். கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் வண்டிப்பாதை இருக்கும். அது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே புகுந்து அடுத்த ஊரில் போய்ச் சேரும். மாட்டு வண்டிக்காகப் போட்ட பாதைகள் இவை. இன்று டிராக்டரும் டூவீலரும் ஓடுகின்றன. மவுன்டைன் பைக்குக்குத் தேவையான கல், மணல், மேடு, பள்ளம் எல்லாமே இதில் உண்டு.

தேடுவதற்கு போன் போதும். மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டு, வீட்டைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பழுப்பு நிறத்தில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்க்க வேண்டும். இரண்டு ஊர்களை இணைக்கும் கோடு என்றால் பெரும்பாலும் ஆட்கள் புழங்கும் பாதை. கொல்லைக்குள் போய் முடிந்துவிடும் கோடு என்றால் அது யாரோ ஒருவரின் பட்டாவாக இருக்கலாம். ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பில், ஏற்கெனவே சைக்கிள்காரர்கள் போன வழிகள் ஒளிக் கோடுகளாகத் தெரியும். ஆனால், ஒருவர் போயிருக்கிறார் என்பதாலேயே அந்த வழிக்கு அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இன்னொரு வழி, சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடம். 1:50,000 அளவில், அதாவது வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் இருந்தால் தரையில் ஒரு கிலோமீட்டர். வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை, காப்புக்காட்டின் எல்லை மூன்றுமே அதில் தனித்தனிக் குறிகளோடு இருக்கும். போன் மேப்பில் பச்சையாக இல்லாத இடமெல்லாம் காடு இல்லை என்று நம்பிக் கிளம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

"அண்ணா, இந்த வழி எங்க போகுது?"

எந்த மேப்பும் சொல்லாததை அந்தப் பாதையில் ஆடு மேய்ப்பவர் சொல்லிவிடுவார். சைக்கிளை விட்டு இறங்கி, "அண்ணா, இந்த வழி எங்க போகுது? காட்டுக்குள்ள போயிடுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், யார் வீட்டு நாய் துரத்தும், எந்தக் கொல்லையில் வேலி போட்டிருக்கிறார்கள் எல்லாமே தெரிந்துவிடும்.

வேலி முக்கியம். மலையடிவாரக் கொல்லைகளில் காட்டுப் பன்றிக்குப் பயந்து சட்டவிரோதமாக மின்வேலி போடுபவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களே அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். இருட்டில் கொல்லை வழியே குறுக்கே போகவே கூடாது. ஈர வரப்பில் டயர் பதிந்தால் வரப்பு உடையும். அது ஒரு விவசாயியின் அரை நாள் வேலை. ஆடு மாடு எதிரே வந்தால் இறங்கி நின்றுவிடுவது நல்லது.

முள்ளுக்கு மருந்து

இந்தப் பக்கம் மவுன்டைன் பைக்கின் முதல் எதிரி சீமைக் கருவேல முள். பாலாற்றங்கரையாக இருந்தாலும் ஏரிக்கரையாக இருந்தாலும் பஞ்சர் நிச்சயம். ஸ்பேர் டியூப், பஞ்சர் கிட், கைப் பம்ப் மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது. முள்ளைப் பிடுங்கிய பிறகு, டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். ஒடிந்த நுனி உள்ளேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

தார்ச்சாலையில் கல்லு மாதிரி காற்றடித்து ஓட்டியவர்கள், மண்ணில் கொஞ்சம் குறைக்க வேண்டும். டயர் மண்ணைப் பிடிக்கும், குலுக்கலும் குறையும். அதற்காக ரொம்பவும் இறக்கினால், கல்லில் இடித்து டியூப் நசுங்கிக் கிழியும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஹெல்மெட் கட்டாயம். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், காலை 9 மணிக்குள் வீடு திரும்பிவிடும்படி கிளம்ப வேண்டும். இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம். தனியாகப் போவதாக இருந்தால், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஏற்றம்தான் வேணும் என்பவர்களுக்கு

மலையேறிய திருப்தி வேண்டுமென்றால், அதற்கும் அனுமதிப் பிரச்னை இல்லாத சாலைகள் இருக்கின்றன. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர் வரும். 1986-ல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் தார்ச்சாலைதான். ஆனால், கால்கள் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வராமல், விட்டு விட்டுப் பிடித்தால் சூடேறாது.

மண் பாதையோ மலைச் சாலையோ, சைக்கிள்காரர் அங்கே விருந்தாளி மாதிரிதான். ஒருவர் அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால், அடுத்த வாரம் அந்த வழியில் வரும் எல்லோரையும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஒருவர் வரப்பை உடைத்தால், அந்தக் கொல்லை வழி எல்லோருக்கும் மூடப்படும். கேட்டுப் போய், குப்பை போடாமல் திரும்பினால், அடுத்த ஞாயிறும் அதே பாதை திறந்திருக்கும்.

இந்த வாரம் அமிர்தி வரை போக வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் ஏறிப் பார்க்கலாம். பூங்கா வாசல் டீயை அடுத்த வாரம் குடித்துக்கொள்ளலாம்!