கருவிக்கும் ஒரு பிரட்டு

மேசனுக்குக் கரண்டியும் ரசமட்டமும், தச்சனுக்கு வாளும் சீவுளியும் களவு போனால் பொருள் நட்டம் மாத்திரமன்று. மறுநாள் வேலையும் நின்று, அந்நாட் கூலியும் போய்விடுகிறது.

மலையகத்தில் இதைப்பற்றி இப்பொழுது சிந்திப்பது அவசியம். லயன் காம்பராக்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய உதவியுடன் தோட்டப் பகுதிகளுக்கென முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்டில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. மலைச்சரிவில் பல வீடுகள் ஒருங்கே எழும்போது, சுற்றிலும் வேலியிட்டுக் காவல் வைப்பது எளிதன்று. பாஸ்மாரும் கையாட்களும் வீட்டுக்குரியோரும் மண்வெட்டியையும் அலவாங்கையும் மாறிமாறி எடுப்பர். எது யாருடையது என்ற தெளிவு அங்கேதான் கெடுகிறது.

களவு இருவகைப்படும். இரவிற் பூட்டுடைத்துக் கொண்டுபோவது ஒன்று. பகலிற் கைமாறிய பொருள், மாலையில் எவரும் தேடாமையால் திரும்பாமலே போவது மற்றொன்று.

முன்னதற்குப் பூட்டு வேண்டும். ஆனால் சீமெந்துக் கொட்டிலின் கொண்டியிலுள்ள திருகாணிகள் வெளியே தெரிந்தால், பூட்டு எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. அவற்றைக் கழற்றினாற் போதும். போல்ட்டுப் போட்டு, நட்டை உட்புறத்தில் முறுக்கிவிட வேண்டும். அலவாங்கையும் ஏணியையும் வெளியே விட்டுச் செல்வது, கள்வன் கையில் நாமே ஆயுதம் கொடுப்பதாகும்.

பின்னதற்குப் பூட்டு உதவாது, கணக்கே உதவும். பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்ட பின்னரே வேலைக்குச் செல்லும் வழக்கத்தைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். அந்த ஒழுங்கைக் கருவிகளுக்கும் வைத்தால் என்ன? காலையில் எடுத்தவர் பெயரை ஒரு கொப்பியிற் குறித்து, மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எண்ணி வைக்கவேண்டும். மூடுபனி இறங்கிய பின் தேயிலைச் செடிகளுக்கிடையே கரண்டியைத் தேடமுடியாது.

அடையாளமும் இன்றியமையாதது. மழையிலும் சாந்திலும் பெயின்ட் நில்லாது. மரப்பிடியிற் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுத்தைச் சுடலாம். பிடியை மாற்றிவிடக் கூடுமாதலால் இரும்பிலும் பொறித்தல் நன்று. மின்சாரக் கருவியாயின் அதன் தொடரிலக்கத்தை எழுதி, பற்றுச்சீட்டோடு வீட்டில் வைத்திருங்கள். பொலிஸ் நிலையத்தில் முறையிடும்போது, “இது என்னுடையது” என்று காட்ட அதுவே சாட்சி.

மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோரும் கவனிக்க வேண்டும். களவுப் பொருளென அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ, நேர்மையின்றி அதைப் பெறுவதும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமாகும். வாங்குவார் இல்லையேல் திருடுவாரும் குறைவர்.

எல்லாவற்றிலும் பெரிய நட்டம் வேறொன்று உண்டு. கரண்டி ஒன்று காணாமற் போனதும், கையாளாக வந்த ஏழை இளைஞன் மீதே முதலிற் கண் விழுகிறது. அது பின்னர் மணற்குவியலில் அகப்பட்டாலும், சொன்ன சொல் அகப்படுவதில்லை. நாளை அடுத்தடுத்த வீட்டிற் குடியிருக்க வேண்டியவர்களிடையே பகை மூண்டுவிடுகிறது. கணக்குப் புத்தகம் கள்வனைத் தடுப்பதோடு, குற்றமற்றவனையும் காக்கிறது.

வீட்டிற் படிக்கும் பிள்ளைகளிடம் அந்தக் கொப்பியை ஒப்படையுங்கள். பாடசாலை விட்டு வந்ததும் பத்து நிமிடம் போதும்.