வயிறு மட்டும் ஊதினால்…

“சாப்பாடு இறங்குதில்லை டொக்டர், வயிறு மட்டும் ஊதுது.” கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பெரும்பாலும் வாய்வு, மலச்சிக்கல் போன்ற சாதாரண காரணம்தான். ஆனால் பாவாடை நாடா மாதத்துக்கு மாதம் இறுகி, கைகால் மெலிந்து கொண்டே போனால் ‘வயது போகுது’ என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே.

இம்மாதம் ஓர் அரிய நோயைப் பற்றிச் சொல்கிறேன். அப்பெண்டிக்ஸ் எனும் குடல்வாலில் தோன்றும் ஒருவகைக் கட்டி, சளி போன்ற பசையைச் சுரக்கும். குடல்வால் வெடித்தால் அந்தப் பசையும் கலங்களும் வயிற்றறைக்குள் சிந்தி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நிரம்பும். 1884 இல் வேர்த் என்ற ஜேர்மன் வைத்தியர் இதற்குச் ‘சூடோமிக்சோமா பெரிட்டோனி’ எனப் பெயரிட்டார். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே இது வரும். சோமாலியாவில் பட்டினி கிடந்த பிள்ளைகளை 1992 இல் பார்க்கப் போய்வந்த நடிகை ஓட்ரி ஹெப்பர்ன், குடல்வாலில் தொடங்கிய இத்தகைய புற்றுநோயால்தான் 1993 இல் காலமானார்.

பெண்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பசை சூலகத்திலும் படிந்து வளர்வதால், ‘சூலகக் கட்டி’ என்றே பலருக்கு முதலில் சொல்லப்படுகிறது. வயிற்றைத் திறந்த பிறகுதான் உண்மை தெரியவரும். “குடல்வாலையும் பார்த்தீர்களா டொக்டர்?” என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. கேளுங்கள்.

சீ.ரி. ஸ்கானும் சில இரத்தப் பரிசோதனைகளும் வழிகாட்டும். வெட்டியெடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தே முடிவு சொல்வார்கள். பசை தடிப்பானது, ஊசியால் இழுத்து எடுப்பது கடினம். அதனால் நோய் படிந்த வயிற்றுச் சவ்வையும், தேவைப்பட்டால் சூலகங்கள், கருப்பை, மண்ணீரல் என்பவற்றையும் அகற்றி, 42 பாகை வரை சூடாக்கிய மருந்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக வயிற்றுக்குள் ஓடவிடுவார்கள். பத்து மணித்தியாலம் கூட எடுக்கும் பெரிய சத்திரசிகிச்சை இது. பயிற்சி பெற்ற குழு வேண்டும். இப்படிச் சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பற்றி 2012 இல் வெளிவந்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் ஏறத்தாழ 59 வீதம் எனக் கணித்தார்கள். புற்றுநோய் என்றதும் பாயைச் சுருட்டுகிறோமே, அதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன்.

உடம்பில் செல் துண்டு இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை அசைக்கும். குடல்வால் வெட்டியவர்கள் அதன் ஆய்வுகூட அறிக்கையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இடம்பெயர்வில் எல்லாம் தொலைந்து போயிருந்தால், எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலையில் வெட்டியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள்.