'குவிக்சாட்டிக்' என்னும் ஆங்கிலப் பெயரடை

பிறமொழிச் சொல்லொன்றைக் கற்பார் பலரும் அதற்கு நிகரான தமிழ்ச்சொல்லை அகராதியிற் கண்ட அளவிலே கற்றல் முடிந்ததென்று அமைந்துவிடுகின்றனர். ஆயின், சில சொற்கள் தம்முள் ஒரு கதையையே அடக்கி நிற்பன. அக்கதையை அறியாது அவற்றை ஆள்வார் தகாதார்மேல் தகாத பழியை ஏற்றிவிடுவர். 'குவிக்சாட்டிக்' என்னும் பெயரடை அத்தகையது. 'நடைமுறைக்கு ஒவ்வாத' என்பதே நம் மாணவர் அதற்குக் கூறும் பொருள். அது போதாது என்பது எம் கருத்து.

இசுப்பானிய எழுத்தாளராகிய செர்வாண்டிஸ் 1605ஆம் ஆண்டிலும் 1615ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக வெளியிட்ட பெருங்கதையின் தலைவன் பெயரினின்றும் பிறந்தது இச்சொல். பழைய வீரர் கதைகளை இரவும் பகலும் பயின்று மதிமயங்கிய அச்சிற்றூர்ப் பெரியவன், தானும் ஒரு வீரனெனக் கொண்டு மெலிந்த குதிரையேறிப் புறப்படுகின்றான். வழியில் முப்பது நாற்பது காற்றாலைகளைக் காண்கின்றான். அவை அரக்கர் எனத் துணிந்து, ஏவலாளன் சாஞ்சோ பான்சா தடுக்கவும் கேளாது, வேல்கொண்டு பாய்கின்றான். சுழலும் இறக்கை அவனையும் குதிரையையும் உருட்டித் தள்ளுகின்றது. விழுந்தெழுந்த பின்னரேனும் உண்மை உணர்ந்தானோ எனின், இல்லை. தன் வெற்றியைப் பொறாத மாயவன் ஒருவன் அரக்கரைக் காற்றாலைகளாக மாற்றிவிட்டான் என்கின்றான்!

சொல்லின் உயிர் இம்மறுமொழியிலேதான் உள்ளது. அவன் நோக்கம் உயர்ந்தது, தன்னலம் கருதியதன்று. ஆதலின் பேராசையாற் கெட்ட வணிகனையோ, பயனற்ற சூழ்ச்சி செய்த கள்வனையோ இச்சொல்லாற் குறித்தல் ஆங்கில வழக்கன்று. ஒருவர்தம் திட்டத்தையோ முயற்சியையோ இயல்பையோ இவ்வாறு கூறுமிடத்துப் பாதி வியப்பும் பாதி இரக்கமும் கலந்து நிற்கும். ஆயினும் உள்ளதை உள்ளவாறு காணாமையும், பட்டும் தெளியாமையும் அங்கே இருத்தல் வேண்டும். தோல்வி ஒன்றே இப்பெயருக்குத் தகுதியாகாது.

எம் சொற்போர் மன்றத்திலே நண்பரொருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சுதேசிக் கப்பற் கம்பெனியை இவ்வடையாற் குறித்தார், கைதட்டலும் பெற்றார். கரிசற் சீமையிலே பிறந்து வளர்ந்த எமக்கு அது பொருந்தாப் பேச்சாகவே தோன்றிற்று. ஊர்ப்பற்றினால் மட்டும் இதனைக் கூறுகின்றோமல்லோம். ஒட்டப்பிடாரத்திலே 1872இற் பிறந்த அவ்வழக்கறிஞர், 1906இல் பதிவு செய்த கம்பெனிக்கு வகுத்த முதல் பத்து இலக்கம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். இது கனவு காண்பார் கணக்கன்று. குடிக்கூலிக்குப் பெற்ற கப்பல்கள் இடையில் நிறுத்தப்பட்டபோது, மாயவன் செயலென்று வாளாவிருந்தாரல்லர். கொழும்பினின்று வேறு கப்பல் அமர்த்தினார். பின்னர், சொந்தக் கப்பலே தீர்வெனத் தெளிந்து, பம்பாய் சென்று முயன்றார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு உரியவாயின. எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தமையும், அரசு அவர்பக்கம் நின்றமையும் யாவரும் அறிந்தனவே. இங்கே அரக்கன் மெய்யாகவே அரக்கன். 1908இற் சிறை, கோவைச் சிறையிற் செக்கு, 1911இற் கம்பெனி கலைப்பு.

அவர் விடுதலையாகி வந்தபின் நிகழ்ந்ததே எமக்குப் பெருஞ்சான்றாகத் தோன்றுகின்றது. வழக்குரைக்கும் உரிமையை அவர் மீளப்பெறத் துணைநின்றவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. 1920களில் இக்கோவில்பட்டியிலே வழக்கறிஞராக வாழ்ந்த பிள்ளையவர்கள், அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியாற் செக்கிழுத்தவர், ஆங்கிலருள் நல்லார் ஒருவரை நல்லாரென்றே கண்டார்! காற்றாலையையும் அரக்கனையும் பிரித்தறியும் கண் இதனினும் வேறு யாது? (தமிழ் மாணவராகிய யாம் அவரை நினைத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு: தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவருள் அவரும் ஒருவர்.)

ஒன்று மட்டும் ஒப்புவோம். தமக்கென எதனையும் வைத்துக்கொள்ளாது அனைத்தையும் இழந்து வறுமையுற்றாரே, அவ்வகையிற் சொல்லின் முற்பாதி அவரைத் தொடும். பிற்பாதி தொடாது.

இவ்வேறுபாட்டைக் கரிசற்காட்டு உழவரிடத்தும் காணலாம். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரே, புழுதி பறக்கும் நிலத்தில் சோளம் விதைப்பாரை அயலார் காணின் இவ்வடையைச் சூட்டாதிரார். ஆனால் அவ்வித்து இடப்படுவது ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் ஆழத்தில். சிறுதூறல் அதனை எட்டாது. மண் ஊற நனைக்கும் மழையே அதனை முளைப்பிக்கும். 1901இல் கோவில்பட்டியில் நிறுவப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இம்முன்பருவ விதைப்பையே பரிந்துரைக்கின்றது. மழை பொய்த்தால் வித்து வீணாகும். அது நட்டமேயன்றி மயக்கமன்று.

இனி, தமிழில் இதற்கு யாது சொல் அமைக்கலாம்? முயற்கொம்பு, ஆகாயத்தாமரை என்பன இல்பொருளைக் குறிப்பன. மனக்கோட்டை, செயலின்றி எண்ணத்தளவில் நிற்பது. கதைத்தலைவனோ எழுந்து ஓடிச் சென்று பொருதவன். சித்திரை வெயிலிற் கயத்தாற்றுச் சாலையில் கானல் ஓடுவதை நம்மவர் அறிவர். அவ்விடத்து இன்று மின்னாக்கும் காற்றாலைகள் நிற்பதும் பொருத்தமே. ஆதலின் 'கானல்வீரம்' எனப் பெயராகவும், 'கானல்வீர முயற்சி' என அடையாகவும் வழங்கலாமென்று கருதுகின்றோம். இதனினும் சிறந்த சொல் காண்பார் அடுத்த மலருக்கு எழுதுவாராக.